பதினோரு மணிக் கையெழுத்து

செயற்கைக் கால் செய்யும் அந்த நிறுவனத்தில், மற்றவர்கள் வேலை எப்படி நகர்கிறது என்று பார்ப்பதுதான் அவளுடைய வேலை. அளவெடுத்த நாளிலிருந்து கால் கைக்கு வரும்வரை, படிவம் எந்த மேசையில் எத்தனை நாள் தூங்குகிறது என்று கண்டுபிடிப்பாள். "அடுத்தவங்க வேலையில மூக்கை நுழைக்கறதுக்குச் சம்பளம் வேற!" என்று அக்கா கேலி செய்வாள்.

தினமும் பதினோரு மணிக்குப் பட்டறை மேற்பார்வையாளர் படிவங்களோடு மாடியேறி வருவார். மனைவியை இழந்தவர். அவளிடம் கையெழுத்து வாங்க இரண்டு நிமிடம் போதும். ஆனால் பேச்சு மழையில் தொடங்கி எங்கெங்கோ போகும். நாற்பத்திரண்டு வயதில், பத்தே முக்காலிலிருந்தே படிக்கட்டுப் பக்கம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருடம் முதலாளி கூட்டம் போட்டார். "இருபத்தாறு நாள் ரொம்ப அதிகம். பத்து நாள்ல கால் கொடுக்கணும். நாம வாங்கப்போற புது மென்பொருள் அதுக்கு உதவணும், இல்லன்னா வேண்டாம்."

அவள் சுவர் முழுக்கக் காகிதம் ஒட்டி வேலையின் படிகளை வரைந்தாள். தேவையில்லாதவற்றை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தவள், தன் கையெழுத்தில் வந்து நின்றாள். அடுத்த பதினோரு மணிவரை படிவங்கள் காத்துக் கிடந்ததால், அதற்காக மட்டும் ஒரு முழு நாள் வீணானது. மேற்பார்வையாளரே பட்டறைத் திரையில் ஒப்புதல் கொடுத்துவிடலாம். வெகுநேரம் பென்சிலைப் பிடித்தபடி நின்றாள். காலையில் வாசலில் ஊன்றுகோலோடு காத்திருந்த பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. அடித்துவிட்டாள்.

இருபத்தாறு நாள் ஒன்பதாயிற்று. முதலாளி எல்லார் முன்னாலும் பாராட்டினார். திரையில் மேற்பார்வையாளரின் ஒப்புதல்கள் வரிசையாக வந்து விழுந்தன. அவர் வரவில்லை.

இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, புது முறையைச் சோதிக்கிற சாக்கில் பட்டறைக்கு இறங்கிப் போனாள்.

"எப்படி இருக்கு சார், புது முறை?"

"முழங்காலுக்கு நிம்மதி, மேடம்." அவர் ஒரு செயற்கைக் காலின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "அந்தப் படிய எடுத்தது நீங்கதான்னு சொன்னாங்க. நான் வந்து உட்காருறது தொந்தரவு போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

"அது வேலைக்குத்தான் தேவையில்ல, சார். எனக்கு வேண்டியிருந்துச்சு."

அவர் கை நின்றது. பதில் சொல்வதற்குள் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

மூன்று நாள் ஒன்றுமில்லை. நான்காம் நாள் வேலை முடிந்து இறங்கியபோது வாசலில் நின்றிருந்தார்.

"பஸ் நிறுத்தம் வரைக்கும் நானும் வரட்டுமா?"

நிறுத்தத்தில் இரண்டு பஸ்ஸை விட்டார்கள். மூன்றாவதில் ஏறியவள், அவர் கண்ணுக்கு மறையும்வரை ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.