நைனா காதால் பார்த்த படம்

ரெக்ஸின் சீட்டின் வெக்கை வாடை, பொட்டலத்தில் சூடு ஆறாத வேர்க்கடலை, முன் வரிசையில் யாரோ வைத்திருந்த மல்லிகை... ஞாயிற்றுக்கிழமை மேட்னி என்றாலே எனக்கு இந்த வாசனைதான். கூடவே, என் முழங்கையைப் பிடித்திருந்த, நைனா என்று நான் கூப்பிடும் அப்பாவின் கை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஏதோ ஒரு வருஷம். ஆஸ்டின் டவுனில் ஒற்றை ரூம் வீடு. நைனா கே.ஜி.எஃப். சுரங்கத்தில் இருபது வருஷம் இறங்கி ஏறியவர். சுகர் வந்து இரண்டு கண்ணும் போய்விட்டது. அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் ஒரு ஆபீஸில் ரிசப்ஷனிஸ்ட்.

அந்த மாதம்தான் கூட வேலை பார்த்த பிரகாஷ், கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். அவர் என்றால் எனக்கு உயிர். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போகிற வீட்டுக்குக் கண் தெரியாத அப்பாவையும் கூட்டிக்கொண்டு போக முடியுமா? நானே கேள்வி கேட்டு, நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

அவர் எங்கள் வீட்டு லேண்ட்லைனில் கூப்பிட்டால், "ராங் நம்பர்" என்று வைத்துவிடுவேன். நைனாவிடம் மட்டும் கலகலவென்று பேசுவேன். பெரிய நடிகை என்று நினைப்பு!

கண் போனதிலிருந்து சினிமா பக்கமே வராத மனுஷன், அன்றைக்கு அவராகவே கேட்டார். "இன்னாமா, ஏதோ டபுள் ஆக்ட் படமாமே... கூட்டினு போயேன்."

ஒரே நடிகர், அண்ணன் தம்பியாக. அண்ணன் சாது. தம்பிக்கு மனசு சரியில்லை. நான் காதோரம் கதை சொல்லிக்கொண்டே வந்தேன். ரத்தம் வந்தால், "ஒண்ணும் இல்ல நைனா, சும்மா நிக்கறான்" என்பேன்.

"சும்மா நிக்கறவனுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ மியூசிக்கு?"

முன் சீட்டுக்காரர் திரும்பி, மெதுவாகப் பேசும்படி கன்னடத்தில் சொன்னார். "ஸ்வல்ப மெல்ல மாதாடி, சார்!"

இன்டர்வலுக்குக் கொஞ்சம் முன்னால், அண்ணன் வீட்டுக்குள் வந்து பெண்டாட்டியிடம் காபி கேட்டான். அதே கண்ணாடி, அதே சட்டை.

நைனா என் கையை அழுத்தினார். "இவன் அண்ணன் இல்ல. தம்பி."

"சும்மா இரு நைனா. நான்தானே பாக்கறேன்..."

"பொய் சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுக்கறான் பாரு. சொரங்கத்துல லைட்டு போச்சுன்னா, மூச்சை வச்சித்தான் யாருன்னு சொல்லுவோம்."

அரை மணி நேரம் கழித்துத் திரையில் அது தெரிந்தபோது தியேட்டரே "ஹோ" என்றது. முன் சீட்டுக்காரர் மறுபடி திரும்பினார். இந்தத் தடவை பவ்யமாக. "சார்... கடைசியில யாரு சாவான், சார்?"

பஸ் ஸ்டாப்பில் நான் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தேன். நைனா சிரிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், பாப்பா. ராங் நம்பரு வந்தா யாராவது அவ்ளோ நேரம் மூச்சைப் புடிச்சிக்கினு நிப்பாங்களா?"

நான் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன்.

"என்னால வேணான்னுட்டியா?"

"அய்யோ, அதெல்லாம் இல்ல நைனா..."

"பாத்தியா, இப்பக்கூட இழுத்த."

அத்தனை பேர் நடுவில் அவர் தோளில் முகத்தை வைத்து அழுதேன். மூன்றாம் நாள் போன் அடித்தது. ரிசீவரை அவரே வாங்கிக்கொண்டார். "தம்பி, நான் ராங் நம்பரோட அப்பா பேசறேன்" என்றார்.

அந்தப் பக்கம் பாவம், பிரகாஷ் பயத்தில் "சார், சார்" என்பதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லையாம். கல்யாணத்துக்குப் பிறகு பதினோரு வருஷம் நைனா எங்களோடுதான் இருந்தார். பிரகாஷ் என்னைவிட நன்றாகக் கதை சொல்வார், ரத்தத்தையும் சேர்த்து.

இப்போது போனிலேயே கண் தெரியாதவர்களுக்காகக் காட்சியை விவரிக்கும் குரல் வருகிறது. போன வாரம் ஒரு டபுள் ஆக்ட் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். எல்லாவற்றையும் சரியாகத்தான் சொல்கிறது. நைனா இருந்திருந்தால் அதையும் நாலு கேள்வி கேட்டிருப்பார்.

இன்றைக்கும் யாராவது போன் செய்து, எப்படி இருக்கே என்று கேட்டால், ஒரு மூச்சு இழுத்துவிட்டு "சூப்பரா இருக்கேன்" என்கிறேன்...

எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்.