குளோரி அக்கா சிக்கனம் பேசியவர் அல்ல

குளோரி அக்கா இறந்துபோன செய்தி வந்தபோது நான் நம் குடியிருப்பின் அலுவலக அறையில் மேலாளரோடு வாக்குவாதம் செய்துகொண்டிருந்தேன். மொட்டை மாடிக்கு வெள்ளைப்பூச்சு அடிக்கும் வேலை ஏன் இன்னும் தொடங்கவில்லை என்று கேட்டுவைக்கச் சொல்லிவிட்டுத்தான் அக்கா திண்டுக்கல்லில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பியிருந்தார். "அடுத்த வாரம் பாத்துக்கலாம் மேடம்" என்று மேலாளர் சொல்லி முடிக்கவும் என் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. அக்காவின் தங்கை மகள் பேசினாள். "பெரியம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க ஆன்ட்டி."

மேலாளரிடம் சொன்னேன். அவர் எழுந்து நின்றார். கண் கலங்கியது. அந்த வருத்தம் உண்மையானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சாயங்காலத்துக்குள் நுழைவாயிலில் ஒரு பிளெக்ஸ் ஏறிவிட்டது. அக்காவின் படத்துக்குக் கீழே 'மின் சிக்கனத்தின் வழிகாட்டி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். இரங்கல் கூட்டத்தில் பேசியவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். தேவையில்லாமல் விளக்கு எரிந்தால் அணைத்துவிட்டுப் போவாராம், மென்மையாகப் பேசுவாராம். என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். முடியவில்லை என்று கையைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். துக்கத்தால் அல்ல, எரிச்சலால்.

அக்கா ஒருநாளும் நம்மைச் சிக்கனமாக இருக்கச் சொல்லவில்லை. அவர் மென்மையானவரும் இல்லை. இதே குடியிருப்பில் அவரோடு பழகிய உங்களுக்கு இது தெரியும். தெரியாதவர்களுக்காக நடந்ததை எழுதிவைக்கிறேன்.

ஒத்தக்கடையைத் தாண்டி, மேலூர் சாலையிலிருந்து சற்று உள்ளே, முதியோருக்கென்று கட்டிய மூன்று மாடிக் குடியிருப்பு நம்முடையது. அக்கா பாலிடெக்னிக்கில் மின்னியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தவள். அவருடைய அறைக்கு அடுத்த அறை எனக்கு. வந்த புதிதில் அவர் கேட்ட முதல் கேள்வி, சாப்பாடு எப்படி என்பதல்ல. "மூணாவது மாடி வராந்தா மட்டும் ஏன் சுசீலா இம்புட்டு வெக்கையா இருக்கு? பொழுது அடைஞ்ச பிறகும் அடங்க மாட்டேங்குதே?"

வெயில் காலம், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிறது, அப்படித்தான் இருக்கும் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஏணி கேட்டு வாங்கி, வராந்தாவின் பொய்க்கூரைப் பலகை ஒன்றைத் தூக்கிவிட்டுத் தலையை உள்ளே நுழைத்தார். எழுபது வயதைக் கடந்தவர் ஏணியில் நிற்க, நான் கீழே அதைப் பிடித்துக்கொண்டு பயத்தில் சௌராஷ்டிரத்தில் முணுமுணுத்தேன். அதுதான் எங்கள் வீட்டுப் பேச்சு.

"என்ன சொல்றீங்க? தமிழ்ல சொல்லுங்க" என்றது மேலிருந்து குரல்.

"தமிழ்ல சொல்ல முடியாதுக்கா."

"அப்ப சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. ஏணிய விட்றாதீங்க."

கூரைக்குள் வெந்நீர்க் குழாய்கள் வெறும் குழாய்களாக ஓடிக்கொண்டிருந்தன. மேலே சுற்றிய உறை என்று எதுவும் இல்லை. தொட்டால் சுட்டது. நமக்கு வெந்நீர் தருவது மொட்டை மாடியில் இருக்கும் சோலார் ஹீட்டர். வெயில் இல்லாத நாளுக்குத் துணையாக அதில் ஒரு மின் ஹீட்டரும் உண்டு. மறுநாள் நண்பகலில் அக்கா தன்னுடைய டாங் டெஸ்டரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். வயரைக் கவ்விப் பிடித்தால் அதில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று காட்டும் கருவி அது. சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் மின் ஹீட்டர் முழு வேகத்தில் கரண்டை இழுத்துக்கொண்டிருந்தது. தானாக அணைய வேண்டிய சுவிட்ச் எப்போது கெட்டதோ யாருக்கும் தெரியவில்லை.

"ஒரு கையால கட்டடத்த சூடாக்குறோம், இன்னொரு கையால ஏசி போட்டு குளிர வைக்கிறோம். ரெண்டுக்கும் நாமதான் பில் கட்டுறோம்" என்றார் கீழே வந்து. அன்று அவருக்கு உற்சாகம். கண்டுபிடித்துவிட்டால் சரிசெய்துவிடுவார்கள் என்று இரண்டு பேருமே நம்பினோம்.

நிர்வாகத்தோடு நடந்த கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். அக்கா அளந்ததையெல்லாம் பொறுமையாகச் சொன்னார். சுவிட்சை மாற்ற வேண்டும், குழாய்களுக்கு உறை சுற்ற வேண்டும், மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப்பூச்சு அடிக்க வேண்டும். இவற்றைச் செய்தால் ஏசியின் வேலை தானாகக் குறையும் என்றார். எல்லாவற்றையும்விடக் கரண்டை அதிகம் இழுப்பது எது என்று ஒருவர் கேட்டார். ஏசிதான் என்று உண்மையைச் சொன்னார். நிர்வாகத்தின் காதில் விழுந்தது அந்த ஒரு பதில்தான்.

அடுத்த வாரம் லிஃப்ட் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். இனி அறைகளில் இரவில் மட்டும்தான் ஏசி. பகலில் ஏசிகளுக்கான மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவார்களாம். அக்கா அதைப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "வீணாப் போறத நிறுத்துங்கன்னா, வேணுங்கிறத நிறுத்துறாங்க. இதுக்கா நான் அளந்தேன்?"

நிர்வாகத்தின் மீதுகூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் இல்லை. நம்மில் பாதிப் பேர் அதற்குத் தலையாட்டினோம். பராமரிப்புக் கட்டணம் குறையும் என்று ஒரு பேச்சு கிளம்பியதே காரணம். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் சாப்பாட்டு மேசையில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "ஏசி போட்டுக்கிட்டா நாமெல்லாம் வளர்ந்தோம்?"

அக்கா தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. "வளரும்போது உங்களுக்கு வேர்த்துச்சு சார். இப்ப வேர்க்குதா? வயசானா வேர்வை குறைஞ்சிரும், தாகமும் தெரியாது. ஒடம்பு கொதிக்கிறது ஒடம்புக்கே தெரியாது."

தலைமையாசிரியர் அதற்குப் பிறகு அக்காவோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். வேறு சிலரும் நிறுத்தினார்கள். சாப்பாட்டுக்கூடத்தில் எங்கள் மேசையில் நாற்காலிகள் காலியாகவே கிடந்தன.

மூன்றாம் மாடியில் மேற்குக் கோடி அறை முத்தையா ஐயாவுடையது. மேலூர்ப் பக்கம் நெல் விவசாயம் செய்தவர். மனைவி இல்லை. அந்த அறையில்தான் வெப்பம் அதிகம் என்று அக்கா அங்கே ஒரு தெர்மாமீட்டரை மாட்டிவைத்திருந்தார். தினமும் மத்தியானம் போய்ப் பார்த்து வருவார். "கஷ்டமா இருந்தா சொல்லுங்கய்யா, நான் சண்ட போடுறேன்" என்று சொன்னதற்கு ஐயா சிரித்தார். "வெயில்லயே கெடந்தவன் ஆத்தா நான். இது எனக்கு என்ன செஞ்சிரும்?"

ஒரு மத்தியானம் அக்கா போனபோது ஐயா நாற்காலிக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். தோல் காய்ந்து நெருப்பாகச் சுட்டது. பேச்சு குளறியது. ஈரத் துணி சுற்றி, ஆம்புலன்சை வரவழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் அதன் பிறகு அவரால் நடக்க முடியவில்லை. சாமான்களை எடுத்துப்போக மேலூரிலிருந்து மகள் வந்தார். வரவேற்பறையில் நின்று பொதுவாகக் கேட்டார். "கரண்ட மிச்சம் பிடிக்க ஒங்களுக்கு எங்கப்பாதான் கெடச்சாரா?"

அன்று ராத்திரி அக்கா சாப்பிடவில்லை. "நான் தெர்மாமீட்டரப் பாக்கத்தான் போனேன் சுசீலா. அவரப் பாக்கப் போகல" என்றார். நீங்கள் போனதால்தான் உயிர் தப்பினார் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

மறுநாள் மத்தியானம் அவர் மேலாளரைப் பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். மேலாளர் பாவம், வழக்கமாகச் சொல்வதையே சொன்னார். "கண்டிப்பா மேல சொல்றேன் மேடம்."

"மேல சொல்றது இருக்கட்டும் தம்பி. மேல வாங்க."

முத்தையா ஐயாவின் காலியான அறைக்குக் கூட்டிப்போய், ஐயா உட்காரும் நாற்காலியிலேயே அவரை உட்கார வைத்தார். கதவைச் சாத்திவிட்டு நாங்கள் கட்டிலில் உட்கார்ந்தோம். மின்விசிறி அனல் காற்றைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தது. மேலாளரின் சட்டை முதுகோடு ஒட்டியது. கைக்குட்டை நனைந்தது.

"நான் என்ன மேடம் செய்ய முடியும்? நானும் சம்பளத்துக்கு வேல பாக்குறவன்" என்றார் கடைசியில்.

"தெரியும் தம்பி. முதலாளி இங்க வந்திருந்தா அவரத்தான் உக்கார வச்சிருப்பேன்."

அவர் எழுந்து போனார். மேலிடத்தைக் கேட்காமலே மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டார் என்பது பிறகு தெரிந்தது. அந்த நன்றியை இங்கே சொல்லிவிடுகிறேன். ஏசித் தடை அதோடு போனது.

ஹீட்டர் சுவிட்சையும் பிறகு மாற்றினார்கள். அரை நாள்கூட ஆகவில்லை. அந்த அரை நாள் வேலையை முதலிலேயே செய்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்றும் வயிற்றெரிச்சல்தான். குழாய்களுக்குக் கிழக்குப் பக்கம் மட்டும் உறை சுற்றினார்கள். மேற்குப் பக்கத்துக்குச் சாமான் வரவில்லையாம். அவ்வளவுக்கே கரண்ட் செலவு இறங்கிவிட்டது. ஒரே மாதிரி வெயில் அடித்த நாட்களை ஒப்பிட்டு அக்கா அதை உறுதி செய்தார். உடனே குடியிருப்பின் விளம்பரத்தில் 'பசுமை இல்லம்' என்ற வரி சேர்ந்துகொண்டது. "மேக்குப் பக்கம் ஒரு மத்தியானம் படுத்து எந்திரிச்சிட்டு அப்புறம் போடச் சொல்லுங்க" என்றார் அக்கா.

இடையில் பஸ் ஏறி மேலூருக்குப் போய் முத்தையா ஐயாவைப் பார்த்துவிட்டு வந்தார். திரும்பி வந்தவர் முகம் கடுகடுவென்று இருந்தது. "ஒங்களுக்கெல்லாம் சிரமம் கொடுத்துட்டேன் ஆத்தான்னு எங்கிட்ட மன்னிப்புக் கேக்குறாரு சுசீலா. அவரு கேக்குறாரு. இங்க ஒருத்தரும் கேக்கல."

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் மூன்றாம் மாடியில் ஒவ்வொரு கதவாகத் தட்டத் தொடங்கினார். கையில் எந்தக் கருவியும் இருக்காது. தண்ணீர் குடித்தீர்களா என்பார், ஏசி ஓடுகிறதா என்பார், நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். சிலருக்கு அது பிடிக்கவில்லை. தூக்கம் கெடுகிறது என்று புகார்கூடப் போனது. அவர் நிறுத்தவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த மத்தியான நடையையும் அவருடைய பொறுமையின்மையையும்தான். எனக்கு முழங்கால் வலி உண்டு, கூச்சம் உண்டு, அடுத்தவர் கதவைத் தட்டிப் பழக்கமும் இல்லை. ஆனாலும் அடக்கம் முடிந்து திண்டுக்கல்லிலிருந்து திரும்பிய மறுநாளே போனேன். தலைமையாசிரியர் இப்போது மூன்றாம் மாடிக்கு மாறியிருக்கிறார். கதவைத் திறந்து, எரிச்சலோடு என்னைப் பார்த்தார்.

"என்ன வேணும்?"

"தண்ணி குடிச்சீங்களா சார்?"

அவர் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துவந்து, என் எதிரில் நின்று குடித்து முடித்தார்.