ஒரு வளையம் போதும்

திசுப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ‘அரைநிமிஷம்’ என்று பெயர். யார் எதைக் கேட்டாலும் “அரை நிமிஷம்” என்பாள். சொன்னபடி முடித்தும் விடுவாள். ஆபரேஷன் தியேட்டர்களிலிருந்து, கெடாமலிருக்க மருந்து ஊற்றிய டப்பாக்களில் வந்து சேரும் கட்டி, பித்தப்பை, குடல்வால் எல்லாவற்றையும் அளந்து, வெட்டி, வேண்டிய துண்டுகளைக் கேசட் என்கிற சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கூடுகளில் அடைத்து அனுப்புவது அவள் வேலை. அந்தத் துண்டுகளை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டுவது மெழுகுக்காரர் வேலை. மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது டாக்டரம்மா. பதினோரு வருஷமாக அவள் அங்கே காலில் சக்கரம் கட்டினாற்போல் ஓடிக்கொண்டிருந்தாள்.

மாதத்தில் மூன்று நாள் மட்டும் சக்கரம் நின்றுவிடும். மேசை விளிம்பை அடிவயிற்றில் அழுத்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டுவாள். “எல்லாருக்கும் வர்றதுதானே” என்று சின்ன வயதில் அம்மா சொன்னாள். கல்யாணமான பிறகு மாமியார் சொன்னார். இரண்டு டாக்டர்களும் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார்கள். மூன்றாவது டாக்டர்தான் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, “இத்தனை வருஷம் எப்படிம்மா தாங்கினே?” என்றார். வலியைவிட அந்தக் கேள்விக்குத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்சுவர் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே ஒட்டி வளர்கிற நோய். அதே நோயின் கட்டிகளை வாரத்துக்கு இரண்டு முறையாவது வெட்டுகிறவள் அவள். விஷயம் தெரிந்தபோது மெழுகுக்காரர் சும்மா இருக்கவில்லை.

“ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி.”

“நக்கலா அண்ணே? ஆபரேஷன் முடிஞ்சு வந்து வச்சுக்கறேன்.”

அந்த மூன்றாவது டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டியிருந்தார். கருப்பை, இரு பக்கமும் கைபோல நீளும் குழாய்கள், குழாய் நுனியில் விரல்கள்போல விரிந்த இழைகள். “மாசாமாசம் வெளிய வர்ற ரத்தத்துல கொஞ்சம், இந்தக் குழாய் வழியாப் பின்னால போய் வயித்துக்குள்ள சிந்தும். நிறையப் பேருக்கு நடக்கறதுதான். சிலருக்கு மட்டும் அந்தத் திசு அங்கேயே ஒட்டிக்குது. ஏன்னு முழுசா யாருக்கும் தெரியல. குழாய் வெறும் வழியா, அதுக்குள்ளயும் நோய் இருக்கான்னு சில சமயம் கண்ணால பாத்தாத் தெரியாது.”

ஆபரேஷனில் இடது பக்கக் கட்டியையும், அதோடு ஒட்டிக்கிடந்த இடது குழாயையும் எடுத்தார்கள். வலது குழாய் பார்வைக்கு நன்றாக இருந்தது, விட்டுவைத்தார்கள். அவளுக்கு வயது முப்பத்தாறு. குழந்தை இல்லை. “எடுத்த குழாயோட ரிப்போர்ட் வரட்டும்,” என்றார் டாக்டர். “அது சுத்தமா இருந்தா ஒரு வருஷம் இயற்கையா முயற்சி பண்ணுங்க. அதுலயும் நோய் இருந்தா, மிச்சக் குழாயை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். நேரா சோதனைக்குழாய்ச் சிகிச்சைக்குப் போயிடலாம். உன் விஷயத்துல என் யோசனை இதுதான்.”

ரிப்போர்ட் வந்தது. ‘இடது குழாய்: குறிப்பிடும்படி ஏதுமில்லை.’ லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தான். “ஒரு லிஃப்ட் நின்னா என்ன, இன்னொண்ணு ஓடுதுல்ல” என்று சிரித்தான். நெடுநாளைக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

மூன்று வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். முதல் வேலையே கழிவுப் பட்டியல். ரிப்போர்ட் போய்ப் பதினைந்து நாள் ஆன டப்பாக்களை, மிச்சத் திசுவோடு எரிக்க அனுப்ப வேண்டும். வண்டி வியாழக்கிழமை வரும். பட்டியலின் ஏழாவது வரியில் அவளுடைய சொந்த டப்பாவின் எண் இருந்தது. பக்கத்தில், வெட்டிய துண்டுகளின் கணக்கு: கட்டி, ஆறு துண்டு. குழாய், ஒன்று.

ஒன்றா?

“அண்ணே, என் குழாயை நீங்கதான வெட்டினீங்க?”

“நீ லீவுல போயிட்டே. வேற யாரு வெட்டுவா?”

“ஒரே துண்டா?”

“நடுவுல ஒரு வளையம். நீதானே சொல்லிக் குடுத்தே? ‘குழாய்னா ஒரு வளையம் போதும்ணே, அரை நிமிஷ வேலை’ன்னு.”

சொன்னது உண்மை. விதிப்புத்தகத்தில் மூன்று இடத்தில் வளையமாகவும், நுனி இழைகளை நீளவாக்கில் முழுசாகவும் வெட்ட வேண்டும் என்று இருந்தது. ஆனால் பெரும்பாலும் கருப்பையோடு சேர்ந்து வரும் குழாயைப் பற்றி யாரும் கேட்டதில்லை. டப்பாக்கள் மலையாகக் குவியும். அவளாகச் சுருக்கிய வழி அது; பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

“மிச்சத்தையும் வெட்டணும்ணே.”

“நல்ல ரிப்போர்ட்டும்மா அது! வேலியில போற ஓணானை எடுத்து ஏன் மடியில கட்டிக்கறே?” என்றவர், சட்டென்று குரலைத் தாழ்த்தினார். “அப்ப, இத்தனை வருஷமா நாம அனுப்பின மத்தவங்க குழாய்?”

அவள் பட்டியலை மூடி வைத்தாள்.

அன்று வீட்டில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், மடித்த துணியையே பிரித்து மடித்தாள். பேசாமல் இருந்துவிட்டால் வியாழக்கிழமை எல்லாம் சாம்பல். ஒரு வருஷம் நம்பிக்கையோடு இருக்கலாம். ஒருவேளை உண்மையிலேயே சுத்தமாகத்தான் இருக்குமோ? அப்படியானால் வெட்டிப் பார்க்க ஏன் பயம்?

“என்னடி, பூனைக்குட்டி மாதிரி உள்ளயும் வெளியயும்?” என்றான் கணவன்.

சொன்னாள். அவன் நெற்றியைத் தேய்த்தான். “ரிப்போர்ட் குடுத்தாச்சுல்ல? விட்டுடேன்.”

“கயித்துல ஒரு முழம் மட்டும் பாத்துட்டு லிஃப்ட் நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போடுவீங்களா?”

“போட மாட்டேன்,” என்றான் வேண்டாவெறுப்பாக.

புதன்கிழமை காலை டாக்டரம்மாவின் முன்னால் போய் நின்றாள். தான் சுருக்கிய வழியையும் மறைக்கவில்லை. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். ஒரே ஒரு துண்டை வைத்துக் கையெழுத்துப் போட்டது அவர்தான். “என் மேலயும் தப்பு இருக்கு,” என்றார் கடைசியில். “முழுசா வெட்டச் சொல்றேன். ஆனா உன்னோடதை நீ தொடக் கூடாது.”

மெழுகுக்காரர் உள்ளே வெட்டினார். அவள் வெளியே வராந்தாவில் நடந்தாள். பதினாறு கேசட். இரவெல்லாம் இயந்திரத்தில் ஊறி, மறுநாள் மெழுகில் உறைந்து, மதியத்துக்குள் ஸ்லைடுகள் தயார். கழிவு வண்டி வந்து போயிருந்தது. பட்டியலின் மற்ற டப்பாக்களில் எதையெதை ஏற்றினார்கள் என்று அவள் எட்டியும் பார்க்கவில்லை.

டாக்டரம்மா பதினோராவது ஸ்லைடில் வெகுநேரம் நின்றார். அந்த நேரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“வா, பாரு.”

நுனி இழைகளின் மடிப்புக்குள், கடுகளவு இடத்தில், அங்கே இருக்கக் கூடாத கருப்பைச் சுரப்பிகள். சுற்றிலும் பழைய ரத்தத்தின் துருநிறம். மற்றவர்களுடையதில் நூறு முறை பார்த்திருக்கிறாள்.

“ரிப்போர்ட்டைத் திருத்தி இன்னிக்கே அனுப்பறேன்,” என்றார் டாக்டரம்மா.

படிக்கட்டில் நின்று கணவனுக்கு ஃபோன் செய்தாள். அவன் பக்கம் யாரோ சுத்தியலால் இரும்பைத் தட்டும் சத்தம்.

“இருக்குங்க.”

சத்தம் நின்றது. “நல்லாப் பாத்தாங்களா?”

“நானும் பாத்தேன்.”

“அந்த டப்பா போயே போயிருந்தா?”

“ஒரு வருஷம் சந்தோஷமா இருந்திருப்போம்.”

“ம்.” மூச்சு விட்டான். “அந்த டாக்டர் எத்தனை மணிக்கு வருவாங்க?”

“நாளைக்குப் பத்துக்கு.”

“லீவு சொல்லிடறேன். நீ சாப்பிட்டியா?”

“இல்ல.”

“போய்ச் சாப்பிடு. நின்னுட்டே சாப்பிடாத, உக்காந்து சாப்பிடு.”

சரி என்றாள். உட்காரத்தான் முடியவில்லை.