மிஷினை நிறுத்திய காலைகள்

மரம் இழைக்கிற பிளானர் மிஷினைப் போட்டால் எங்கள் வீட்டு அடுக்களையில் தண்ணீர்க் குடம் அதிரும். மரத்தூள் ஜன்னல் வழியே வந்து சோற்றுப் பானை மூடியில் படியும்...

கல்யாணமான புதிது. சுரக்குடியில் வீட்டை ஒட்டியே கொட்டகை போட்டு, கதவு ஜன்னல் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் ஐ.டி.ஐ. படித்து, சென்னையில் ஒரு கம்பெனியில் மிஷினிலேயே வேலை பழகியவன். பிளானர், கட்டர், டிரில் இல்லாமல் எனக்கு ஒரு ஜன்னல் சட்டம்கூடச் செய்யத் தெரியாது.

மனைவி வசந்தி காரைக்காலில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்போது எப்போதும் நைட் டூட்டிதான். காலை எட்டரைக்கு வருவாள். குளித்து, இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுப்பாள்.

ஒன்பது மணிக்கு நான் மிஷினைப் போடுவேன்.

ஒரு நாளும் அவள் குறை சொன்னதில்லை. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, தலையணையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு படுத்திருப்பாள். தூங்குகிறாள் என்றே நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பத்து மணியாகியும் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய் நின்றேன். கும்பகோணம் பக்கமிருந்து வந்த பஸ்ஸில் இறங்கினாள். காரைக்காலில் ஏறியவள் அப்படியே தூங்கிப்போய் எங்கள் ஊரைத் தாண்டிவிட்டாள். பேரளத்தில்தான் கண்டக்டர் எழுப்பி இறக்கிவிட்டிருக்கிறார்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வண்டியில் பின்னால் உட்கார்ந்து, காய்கறி வாங்க வேண்டும் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"பஸ்ஸுல தூங்குனா பரவால்லங்க. வார்டுல ஊசி போடுறப்ப கண்ணு சொருகுது. பயமா இருக்கு. வேலைய விட்டுடலாம்னு பாக்குறேன்."

அந்த நர்ஸ் படிப்புக்காக அவள் வீட்டில் எத்தனை நாள் சாப்பிடாமல் பிடிவாதம் பிடித்தாள் என்று அவள் அம்மா எனக்குச் சொல்லியிருக்கிறார்.

அன்று மதியமே காரைக்கால் போய் கையால் தள்ளி மரம் இழைக்கிற ஒரு இழைப்புளி, கைரம்பம், நாலு உளி, தீட்டுவதற்கு ஒரு சாணைக்கல் வாங்கிவந்தேன்.

மறுநாள் காலை மிஷினைத் தொடவில்லை. இழைப்புளியைத் தள்ளினால் பலகையில் பாதிதூரம் போய் முட்டிக்கொண்டு நிற்கும். மரம் சிம்பு சிம்பாகப் பிய்ந்துவரும். நார் ஓடுகிற பக்கம் பார்த்துப் பலகையைத் திருப்பிப் போடணும் என்று புரிவதற்கே எனக்கு ஒரு வாரம் ஆனது. போலகத்தில் ஒருவர் ஆறு ஜன்னல் சொல்லியிருந்தார். தாமதமாகும் என்று போய்ச் சொன்னேன். மூன்றை மட்டும் எனக்கு விட்டுவிட்டு, மீதியை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்.

மிஷினைத் தொடாத அந்த முதல் நாள், மதியம் மூன்று மணிக்கு வசந்தி பதறியடித்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். கன்னத்தில் பாய்க்கோடு.

"கரண்டு இல்லையாங்க?"

பிளானர் ரிப்பேர், பார்ட் வரணும் என்றேன். எதற்குப் பொய் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள், அதனால் இருக்கலாம்.

உளி அடிக்கிற வேலையெல்லாம் மூன்று மணிக்கு மேல் என்று வைத்துக்கொண்டேன். அதுவரை இழைப்பு மட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டால் கையை நிறுத்துவேன்... அடங்கியதும் மறுபடி தள்ளுவேன்.

பத்துப் பதினைந்து நாளில் அவள் முகமே மாறிவிட்டது. தலை வாரும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். குழம்பில் உப்பு போதவில்லை என்றதற்கு என்னோடு சண்டைகூடப் போட்டாள். வேலையை விடுகிற பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

ஒருநாள் சாயங்காலம் ஆணி வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பினால், கொட்டகையில் பிளானர் ஓடுகிறது. பக்கத்தில் வசந்தி நிற்கிறாள். என்னைப் பார்த்ததும் ஸ்விட்சை அணைத்தாள்.

"நல்லாத்தான ஓடுது?"

"ம்."

"எத்தன நாளா இப்படி?"

"நீ பேரளம் போய்ட்டு வந்த மறுநாள்லேருந்து."

அவள் பிளக்கைப் பிடுங்கி, வயரை அழகாகச் சுற்றி மிஷின்மேல் வைத்தாள். முந்தானையால் அதன்மேல் இருந்த தூசியைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்... நான் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு மூன்று மணி வரை கை வேலை, அப்புறம் மிஷின் என்று ஆனது. போகப் போக மிஷினைப் போடுவதே குறைந்துபோனது.

இப்போது அவளுக்குப் பகல் டூட்டி. இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுகிறோம், சேர்ந்து டி.வி. பார்க்கிறோம். அப்போது ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் பேசியிருந்தால் அதிகம். ஆனால் அவள் எப்போது கண் அசந்தாள், எப்போது இருமினாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இன்றைக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள், நான் மொபைலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு மாதமாக அவளுக்கு முழங்கால் வலி என்று நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது. அதுவும் பக்கத்து வீட்டு அக்காவிடம் அவள் சொன்னது காதில் விழுந்துதான்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன்.

"கை என்னங்க இப்படிச் சொரசொரன்னு இருக்கு" என்றாள்.

கையை எடுக்கப்போனேன். இருக்கட்டும் என்றாள்.