பல வீட்டு அரிசி

இரண்டு பைகளில் மிஞ்சிய அரிசியை மருமகள் இன்று ஒரே உலையில் போட்டுவிட்டாள். பாதி குழைந்தும் பாதி விதைவிதையாகவும் வெந்த அந்தச் சோற்றின் வாடை, யுத்தத்துக்கு முந்திய ஸ்ரீவில்லிபுத்தூரில், இப்போது லாரி ஷெட்டாகிவிட்ட எங்கள் மிஷன் பள்ளி விடுதியின் அடுப்படிக்கு என்னைக் கொண்டுபோனது. சபைப் பெண்கள் தினமும் உலைவைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசல் பானையில் கொட்டுவார்கள். புழுங்கல், பச்சரிசி, சிவப்பரிசி எல்லாம் கலந்த அதைத்தான் விடுதிப் பிள்ளைகள் நாங்கள் வாரம் முழுவதும் சாப்பிட்டோம்.

சோறு போட வழியில்லாமல் என்னை அங்கே சேர்த்த அம்மாவும் மம்சாபுரத்திலிருந்து நடந்து வந்து, கூலியாகக் கிடைத்த சிவப்பரிசியைக் கொட்டுவாள்.

"ஒனக்கே வழியக் காணோம், நீ எதுக்குட்டி போடுத?" என்று சமையல்காரம்மா ஒருமுறை கேட்டாள்.

"எம்பிள்ள சும்மா திங்கக் கூடாதுல்லாக்கா" என்றாள் அம்மா.

சிவப்பரிசி போடுகிறவர்கள் வேறு பலரும் இருந்திருப்பார்கள். ஆனாலும் தட்டில் சிவப்பாக எது தட்டுப்பட்டாலும் பொறுக்கி ஓரத்தில் சேர்த்துவைப்பேன்.

"ஏட்டி, கல்லா கெடக்கு?" என்பாள் சமையல்காரம்மா.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் அள்ளி வாயில் போட்டுக்கொள்வேன்.