கணக்குப் பார்த்து எரித்த கோட்டு

வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு ஓர் ஒழுங்கை தள்ளி எங்கள் சமறி இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்த ஏழு ஆம்பிளைகள் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, சமையலுக்கு ஒருவரை வைத்துக்கொண்ட வீடு. யுத்தம் முடிந்து வெள்ளைக்காரன் இன்னும் போகாத காலம். பகலில் நான் ஒரு கந்தோரில் கோப்புத் தூக்கினேன். மாலையில் மின்சார வகுப்புக்குப் போனேன். நாலு வகுப்பு முடிந்ததுமே வீட்டில் ஒரு பல்பு மாற்றுவதற்கும் பிரசங்கம் செய்யத் தொடங்கிவிட்டேன்.

கொட்டாஞ்சேனையில் கப்பல் சாமான் விற்கிற கடையொன்றில் துணி மினுக்குகிற அமெரிக்க அயன் பெட்டி ஒன்று வாங்கி வந்தேன். அதன் தகட்டில் 115 வோல்ட், 5 அம்பியர் என்றிருந்தது. உடனே சிகரட் பெட்டியைக் கிழித்துக் கணக்குப் போட்டேன். வோல்ட்டை அம்பியரால் பிரித்தால் தடை 23 ஓம். இரண்டையும் பெருக்கினால் வலு 575 வாட். எங்கள் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். 575ஐ 230ஆல் பிரித்தால் இரண்டரை அம்பியர். வீட்டு பியூஸ் ஐந்து தாங்கும். பாதிதான், பயமில்லை.

"உது வெடிக்காதோ?" என்று கேட்டார் சமறியின் மூத்தவர். அவரைப் பெரிய கிளாக்கர் என்போம்.

"கணக்குப் பாத்திட்டன் அண்ணை. உங்கட கந்தோரைவிடப் பத்திரம்."

"என்ர கோட்டில மட்டும் கை வையாதை. நாளைக்கு அதைப் போட்டுக்கொண்டு துரைக்கு முன்னால நிக்க வேணும்."

பதவி உயர்வுக்கான நேர்முகம் அது. வெள்ளைக் கோட்டை வழக்கம்போலச் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டு, அன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோயிலுக்குப் போனார். சமையல்காரர் கரிப் பெட்டியால் மினுக்குவதில் கெட்டிக்காரர். கோட்டைக் குசினி ஆணியில் மாட்டிவிட்டுத் தேங்காய் வாங்கப் போனார் அவர். மற்றவர்கள் கடற்கரையில். நான் தனியே, விஞ்ஞானத்தோடு.

சமையல்காரர் வருவதற்குள் மினுக்கி மாட்டிவிட்டால் வீடே என்னைக் கும்பிடும் என்று நினைத்தேன். ஸ்டூலில் ஏறிப் பல்பைக் கழற்றி, அந்த ஹோல்டரிலேயே அயன் பெட்டியின் வயரைக் கொழுவினேன். ஆணியிலிருந்து கோட்டை எடுத்து மேசையில் விரித்தேன். சுவிட்சைப் போட்டு, பெட்டியைக் கோட்டின் முதுகில் வைத்தேன். சூடாகக் கொஞ்ச நேரம் சுணங்கும் என்பது என் எண்ணம். அது சுணங்கவில்லை. புகை வந்தது. சுவிட்சு என் முதுகுக்குப் பின்னால் இரண்டடியில் இருந்தது. நான் ஓடியதோ கிணற்றுக்கு. மின்சாரம் படிக்கிற மனிதன், மின்சாரத்தை அணைக்க வாளியோடு வந்தேன். அதற்குள் பியூஸ் தானாகவே போய்விட்டது. என்னிடம் இல்லாத புத்தி அந்தக் கம்பியிடம் இருந்தது.

கோட்டின் நடு முதுகில் பெட்டியின் அச்சு, கறுப்பாக.

அடுத்து நான் செய்ததற்குக் கணக்கு ஒன்றும் பார்க்கவில்லை. கோட்டை மடித்துப் பழையபடி ஆணியில் மாட்டினேன். பல்பை ஹோல்டரில் திரும்பப் போட்டேன். சூடு ஆறாத பெட்டியை இடுப்பில் கட்டுகிற சாரமொன்றில் சுற்றி என் டிரங்குக்குள் ஒளித்தேன். சாரமும் வெந்தது.

பொழுதுபடப் பெரிய கிளாக்கர் திரும்பி வந்து, கோட்டை விரித்துப் பார்த்துவிட்டுச் சமையல்காரரைக் கூப்பிட்டார்.

"என்ன காணும் இது?"

"ஐயா, நான் இன்னும் பெட்டியில கரியே போடேல்லை."

"அப்ப கோட்டு தானா வெந்ததோ? செய்யிறதையும் செய்துபோட்டுப் பொய் வேறை. விடிய நீர் போகலாம்."

சமையல்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அந்த நேரம் யாரோ சுவிட்சைப் போட, லைட் எரியவில்லை.

"எஞ்சினியர் மகாராசா, எழும்பி வாரும்" என்றார்கள் கடற்கரையிலிருந்து திரும்பியிருந்த மற்றவர்கள்.

மீற்றர் பலகைக்கு முன்னால் ஸ்டூலில் ஏறினேன். எனக்கு லாம்பு பிடித்தது சமையல்காரர்தான். புதுக் கம்பியைச் சுற்றும்போதுதான் மண்டையில் உறைத்தது. நான் 575 வாட்டை மாறாதது என்று பிடித்துக்கொண்டிருந்தேன். பெட்டிக்குள் இருக்கிற கம்பிச் சுருள் எந்த வீட்டுக்குப் போனாலும் அதே சுருள். மாறாதது அதன் 23 ஓம் தடை. 230ஐ 23ஆல் பிரித்தால் பத்து அம்பியர். பத்தை 230ஆல் பெருக்கினால் 2300 வாட். வோல்ட் இரண்டு மடங்கானால் வலு நாலு மடங்கு. மின்சார வகுப்பின் நாலாம் நாளிலேயே சொல்லித் தந்தது.

"ஏன் தம்பி உது எரிஞ்சது?" என்று கீழேயிருந்து கேட்டார் சமையல்காரர்.

"பழைய கம்பி அண்ணை" என்றேன்.

லைட் வந்தது. ஐந்தாறு பேர் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் இந்த வயதிலும் என் காதைச் சுடுகிறது. கூச்சம் என்றால் என்ன என்று எவராவது கேட்டால், லாம்பு பிடித்த அந்தக் கையைச் சொல்வேன்.

விடிய, சமையல்காரர் தன் உடுப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். பெரிய கிளாக்கர் இரவல் கோட்டுக்குள் கையை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கை நீளம் போதவில்லை. நான் டிரங்கைத் திறந்து அயன் பெட்டியை எடுத்து நடு வீட்டில் வைத்தேன். வாய் திறந்ததும் வந்தது கணக்குத்தான். இருபத்து மூன்று, பத்து அம்பியர், நாலு மடங்கு என்று, பிழையாய்ப் போனது என் கணக்கு மட்டும்தான் என்பதுபோல மளமளவென்று ஒப்பித்தேன்.

பெரிய கிளாக்கர் முழுவதையும் கேட்டார். "கணக்கை விடு. நேற்றைக்கு ஏன் சொல்லேல்லை?"

நான் பெட்டியின் வயரைச் சுற்றத் தொடங்கினேன். என் பகிடி ஒன்றும் கைகொடுக்கவில்லை.

அவர் சமையல்காரர் பக்கம் திரும்பினார். "பிழை என்னிலதான். நில்லும்."

"இல்லை ஐயா. வத்தளையில ஒரு சமறியில கனகாலமாக் கூப்பிடுகினம்." குரலில் கோபமே இல்லை. பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வாசலில் என்னிடம் திரும்பினார். "அடுப்பில சோறு கிடக்கு தம்பி. கொதிச்சாப் பிறகு வடிச்சுப்போட்டு எல்லாருக்கும் குடுங்கோ."

அவர் ஒழுங்கை முடக்கில் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு வடிக்கத் தெரியாது என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. உள்ளே சோறு பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது.