கவனம் சாரின் மெத்தை அறை

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஓய்வூதியத் தாளைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. தெருவுக்கும் சொந்தபந்தத்துக்கும் அவர் கவனம் சார். முப்பத்தொரு வருடம் ரயில் நிலையத்தின் அறிவிப்பு அறையில் உட்கார்ந்து, "பயணிகள் கவனத்திற்கு" என்று நாளைக்கு நூறு தடவை சொன்னவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? ஆனால் வீட்டில் அவர் அடுப்பை அணைக்க மறப்பார், குழாயை மூட மறப்பார், மழை வந்தால் கொடியில் கிடக்கும் துணியை மறப்பார். "ஊர் கவனத்தையெல்லாம் கேட்டு வாங்கினாரே, அதுல கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கக் கூடாதா?" என்பார் அவர் மனைவி. அந்த அம்மாளுக்குத் தபால் நிலையத்தில் வேலை. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. தபாலம்மா என்றால்தான் யாருக்கும் தெரியும்.

கவனம் சார் பேசும் விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வினையெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அந்த ரயில் நிலையத்தின் கூடம் மகா பெரியது. உயரமான வளைந்த கூரை, வழவழவென்று கல் தரை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் இவர் ஒரே மூச்சில் அறிவிப்பைச் சொல்லி முடித்தார். சொன்ன சொல்லெல்லாம் கூரையில் முட்டித் திரும்பி, அடுத்த சொல்லின் தலையில் வந்து விழுந்தது. மூன்றாம் நடைமேடைக்குப் போக வேண்டிய கூட்டம் மூட்டை முடிச்சோடு ஐந்தாவதுக்கு ஓடிற்று. அன்றே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு சொல்லைச் சொல்வது, அது கூடத்தின் கோடிவரை போய்த் திரும்பி அடங்கும்வரை காத்திருப்பது, அதற்குப் பிறகே அடுத்த சொல். அப்புறம் ஒரு பயணியும் தடம் மாறவில்லை. வண்டி தாமதம் என்பதைக்கூடக் கவனம் சார் சொன்னால் கேட்கச் சுகம் என்று பேர் வாங்கினார்.

வீட்டிலும் அதே நடைதான். "இன்னிக்கு... கடையில... நல்ல தக்காளியா..." என்று அவர் தொடங்கி "இல்ல" என்று முடிப்பதற்குள் தபாலம்மா கைப்பையை மாட்டி, கடிகாரத்தைக் கட்டி, செருப்பையும் போட்டிருப்பார். முழுக்கக் கேட்டால் பஸ் போய்விடும். நாளடைவில் அந்த அம்மாளுக்குக் கேட்காமல் இருப்பதும், இவருக்குச் சொல்லாமல் இருப்பதும் பழகிவிட்டது. சண்டை ஒன்றும் கிடையாது.

ஓய்வு பெற்ற மறு வாரமே நிலையத்தில் இயந்திரக் குரல் வந்தது. ஒரு நாள் போய் நின்று கேட்டார். பிழையில்லாமல்தான் சொல்லிற்று. அதுதான் அவருக்கு வலித்தது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

அப்போதுதான் பேசும் நூலகம் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. கண் பார்வை இல்லாதவர்களுக்காகப் புத்தகங்களைக் குரலில் பதிவு செய்து வைக்கும் இடம். சம்பளம் இல்லை, வீட்டிலிருந்தே படித்து அனுப்பலாம். ஒரு நாவலைக் கொடுத்து, முதல் அத்தியாயத்தை மாதிரிக்குப் படிக்கச் சொல்வார்கள். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தேறாவிட்டால் நன்றி, வணக்கம். கவனம் சாருக்கு எழுபது வயது குறைந்துவிட்டது போலிருந்தது. இன்னும் அறுபதுதான் ஆகிறது என்பது வேறு விஷயம். மைக் வாங்கினார், கணினியோடு இணைத்தார், முன்னறையில் நாற்காலியைப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்து படித்து அனுப்பினார். முப்பத்தொரு வருட அனுபவம். இரண்டாவது வாய்ப்பைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை.

நான்காம் நாள் போன் வந்தது. நூலகத்தில் ஒலியைச் சரிபார்க்கும் அம்மாள்.

"சார், நீங்க கிணத்துக்குள்ள உட்கார்ந்தா படிச்சீங்க?"

"இல்லைங்க... முன்னறை..."

"வெறும் சுவர், டைல்ஸ் தரை, திரைச்சீலைகூட இல்ல. சரியா? அப்புறம் மூலையில ஏதோ காலித் தகரம் இருக்கு. நீங்க குரலை இறக்கறப்பல்லாம் அது கூடவே பாடுது."

கவனம் சார் திரும்பிப் பார்த்தார். மூலையில் காலித் தண்ணீர் டிரம் ஒன்றும் தெரியாதது போல நின்றுகொண்டிருந்தது. அவர், "உங்களுக்குக் கண்ணு..." என்று இழுத்தார்.

"தெரியாது. அதனால காது கூர்மைன்னு மட்டும் சொல்லிடாதீங்க. இருபது வருஷமா ஹெட்போனை மாட்டிக்கிட்டு இதே வேலை. யாரா இருந்தாலும் கேட்கும்."

அன்றிலிருந்து அவருக்குக் கவனம் சார் மனதுக்குள் வைத்த பெயர் காதம்மா.

எதிரொலி என்ற பேச்சு வீட்டில் விழுந்ததும் தபாலம்மாவின் தம்பி வந்து சேர்ந்தார். தெரியாத விஷயத்தையும் தெரிந்த மாதிரியே பேசுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. "இதுக்கா அத்தான் கவலைப்படறீங்க? முட்டை அட்டை! பாட்டு ரெக்கார்டிங் பண்ற இடத்துல எல்லாம் அதான். பள்ளம் பள்ளமா இருக்கில்ல, சத்தம் உள்ள போனா வெளிய வர வழி தெரியாது." தெருக்கோடி பேக்கரியில் முட்டை அட்டைகளை மலையாகக் குவித்து வைத்திருந்தார்கள். இருவரும் நாலு நடை நடந்து இருநூற்றுப் பன்னிரண்டு அட்டை கொண்டுவந்து, சுவரெல்லாம் ஒட்டினார்கள். பசை காய்வதற்குள் எறும்புகள் முகவரி கேட்டு வந்துவிட்டன. வேலை முடிந்து வந்த தபாலம்மா வாசலிலேயே நின்றார்.

"என்னடா இது, கோழிப்பண்ணையா?"

"அறிவியல்க்கா," என்றார் தம்பி.

இரண்டாவது பதிவு போயிற்று. போனும் வந்தது.

"முட்டை அட்டையா சார்?"

"எப்படிக்... கண்டுபிடிச்சீங்க?"

"இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? இரண்டாவது தடவை எல்லாரும் அதான் ஒட்டுவாங்க. அது வெறும் காகிதம் சார். கீச்சுக் குரலை லேசா மழுக்கும், உங்களை மாதிரி கனமான குரலை அப்படியே திருப்பி அனுப்பும். கனமான பொருளா வேணும். மெத்தை, கம்பளி, மடிச்ச துணி. அப்புறம் ஒண்ணு, எல்லாரும் மைக்குக்குப் பின்னாடி மெத்தையை நிறுத்துவாங்க. மைக் பார்க்கறது உங்க முகத்தை. அப்ப உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கற சுவரையும் அது பார்க்குது. முதல்ல அங்க நிறுத்துங்க. ஒவ்வொரு இடத்துலயும் கை தட்டிப் பாருங்க. 'டங்'னு திரும்பி வந்தா ஆகாது, 'பட்'னு அடங்கினா நல்லது. இது கடைசி வாய்ப்பு சார், மாசக் கடைசிக்குள்ள அனுப்புங்க."

காதம்மா கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் கடைசி என்ற சொல் கவனம் சாரை விடவில்லை. இதிலும் போய்விட்டால், அந்த இயந்திரத்தைக் கொண்டுவந்தது சரிதான் என்று அவரே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

வீடு முழுக்கக் கை தட்டிக்கொண்டே நடந்தார். குளியலறையில் தட்டினார், மாடிப்படிக்கடியில் தட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் சன்னல் வழியாக, "கொசுவா சார்?" என்றார்.

"இல்ல... எதிரொலி."

"மருந்து அடிச்சா போகாதா?"

கடைசியில் அலமாரிகள் இருக்கும் சின்ன அறையில்தான் "பட்" என்று அடங்கிற்று. அட்டைகளையெல்லாம் பிய்த்துப் பேக்கரிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, கட்டிலில் கிடந்த இரண்டு மெத்தைகளையும் இழுத்துப்போய் முதுகுப் பக்கம் நிறுத்தினார். பக்கவாட்டில் கொடி கட்டிக் கம்பளி, போர்வை, தபாலம்மாவின் நல்ல உடுப்புகள் என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் தொங்கவிட்டார். அலமாரிக் கதவுகளை மலர்த்தி வைத்தார். நடுவில் அவர், அவருக்கு முன்னால் மைக், அந்தப் பக்கம் ஒரு முக்காலி வைக்கும் இடம். தபாலம்மா வெறுங்கட்டிலில் படுத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டே வேலைக்குப் போய் வந்தார். நாலு நாள் பொறுத்தார். ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், "என் மெத்தையை எடுத்துட்டுப் போய் என்னதான் பண்ணியிருக்கீங்கன்னு பார்க்கறேன்" என்று ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார்.

அவர் படித்துப் பதிந்ததை இரண்டு நிமிடம் கேட்டார். கழற்றினார்.

"ரூம் நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் சரியில்ல."

கவனம் சாரின் முகம் தொங்கிப்போயிற்று. "நான்... என்ன..."

"இதோ இதான்! ஒரு வார்த்தை சொல்றீங்க, நிக்கறீங்க. அடுத்தது சொல்றீங்க, நிக்கறீங்க. யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்கீங்க?"

கவனம் சார் புத்தகத்தை மூடி மடியில் வைத்தார். யாருக்காக? அந்தக் கூடத்துக்காக. சொல்லின் எதிரொலி அடங்கட்டும் என்று அவர் காத்திருந்தார். அந்த எதிரொலியைத்தான் ஆறு வாரமாக அட்டையாலும் மெத்தையாலும் அடித்துத் துரத்தியிருந்தார். வராத ஒன்று அடங்குவதற்காக மெத்தை அறையிலும் காத்திருந்தார், சாப்பாட்டு மேசையிலும் காத்திருந்தார் என்பது நினைவுக்கு வந்தபோது அவருக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது.

தபாலம்மா முக்காலியை இழுத்து மைக்குக்கு அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு கைநீளம்கூட இல்லை. தலைக்கு மேல் அவருடைய மழைக்கோட்டு தொங்கிற்று. "நான் அந்தக் கோடியில இல்ல, இங்க இருக்கேன். எங்கிட்ட சொல்லுங்க."

முதலில் வரவில்லை. தொண்டையைச் செருமினார், தண்ணீர் குடித்தார், எழுந்து நின்று மறுபடி உட்கார்ந்தார். ஒரு கூடத்துக்கே பேசியவருக்கு ஒரு ஆளிடம் பேச வெட்கமாக இருந்தது. பிறகு மெல்லத் தொடங்கினார். பழைய சாமான் கடையில் அலமாரி வாங்கும் ஒரு பெண்ணின் கதை. அலமாரியின் அடித்தட்டில் பூட்டிய பெட்டி ஒன்று அவளுக்குக் கிடைக்கிறது.

"பெட்டியா?" தபாலம்மா நிமிர்ந்தார். "ஆறு வாரமா இதைத்தானே படிச்சிட்டு இருக்கீங்க? பெட்டி இருக்குன்னு எனக்குத் தெரியவே இல்லையே!"

"உஷ்! பதிவாகுது!"

மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே படித்தார். புருவம் உயர்ந்தால் வேகமெடுத்தார், கண் சுருங்கினால் நிதானித்தார். எங்கே நிறுத்துவது என்ற கணக்கே தேவைப்படவில்லை. சாவி கிடைத்தது, பூட்டில் நுழைந்தது, திரும்பிற்று. அத்தியாயம் முடிந்தது.

"அப்புறம்?" என்றார் தபாலம்மா, வாய்விட்டு.

கவனம் சார் தலையில் கை வைத்தார். அதுவும் பதிவாகிவிட்டது. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும், தபாலம்மா வேலைக்குப் போன பிறகு, தனியாகப் படித்துப் பார்த்தார். பழைய இடைவெளி அழைக்காமலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. மாதக் கடைசி வந்துவிட்டது. நடப்பது நடக்கட்டும் என்று "அப்புறம்?" உள்ள பதிவையே அனுப்பினார். அந்தச் சொல்லை வெட்ட முயன்றபோது பாதி அத்தியாயம் காணாமல் போகப் பார்த்தது, அதனால் தொடவில்லை.

நான்கு நாள் போனையே மடியில் வைத்துக்கொண்டு திரிந்தார். ஐந்தாம் நாள் மாலை அது அடித்தது.

"சார், கடைசியில ஒரு பொம்பளை குரல் கேட்குது."

"என் மனைவிங்க. மன்னிச்சிடுங்க. வெட்டிடுங்க."

"வெட்டத்தான் போறேன். ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த இடத்துல நானும் அதையேதான் கேட்டேன்." காதம்மா சிரித்தார். "தேறிட்டீங்க. மீதி நானூறு பக்கத்துக்கும் அவங்களை எதிர்ல உட்கார வச்சுக்கோங்க."

தபாலம்மா கதவைத் திறந்தாரோ இல்லையோ, கவனம் சார் பாய்ந்து வந்தார். தேறினேன் என்றார், காதம்மா சொன்னதைச் சொன்னார், நானூறு பக்கம் என்றார், எல்லாம் ஒரே மூச்சில், சொல்லின் மேல் சொல் விழ.

"மெதுவா, மெதுவா. மூச்சு விடுங்க," என்றார் தபாலம்மா. கவனம் சாரிடம் யாரும் அதுவரை சொல்லியிராத வார்த்தை. கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப நானூறு பக்கத்துக்கும் வெறுங்கட்டில்தானா? சரி, அது கிடக்கட்டும். பெட்டியில என்ன இருந்துச்சு?"

"தெரியாது."

"தெரியாதா?"

"நான் முதல் அத்தியாயத்தைத் தாண்டவே இல்லையே."

தபாலம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கைப்பையோடு நேரே போய் மழைக்கோட்டின் அடியில் முக்காலியில் உட்கார்ந்தார். கவனம் சார் இரண்டாம் அத்தியாயத்தைப் பிரித்தார். பெட்டி திறந்தது, உள்ளே இன்னொரு சாவி. தபாலம்மா இரண்டு தடவை "அப்புறம்?" என்றார், ஒரு தடவை "அடப்பாவி!" என்றார். கடைசி வரிவரை மூச்சுப் பிசகாமல் வந்து சேர்ந்து, பெருமிதத்தோடு கணினியின் பக்கம் திரும்பினார் கவனம் சார்.

பதிவுப் பொத்தானை அழுத்தவே இல்லை.

"போச்சு!" என்று அலறினார். "அத்தனையும் போச்சு!"

"எங்க போச்சு?" என்றார் தபாலம்மா, குனிந்து செருப்பைக் கழற்றியபடி. "நான்தான் கேட்டேனே. அடுத்ததைப் படிங்க."